பார்மட் அடிக்கும் முன்: கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

சென்னை ரிச்சி தெருவின் மாடிக் கடைகளிலும், சிறு ஊர்களின் பேருந்து நிலையத்து ஓரங்களிலும், ஜெராக்ஸ் கடைக்குள் போட்ட ஒற்றை மேசையிலும் உட்கார்ந்து ஊராரின் கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுக்கிறவர்கள் நீங்கள். நானும் இதே தொழிலில் தலை நரைத்தவன். நாம் தினமும் செய்யும் ஒரு வேலையைப் பற்றி உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

“ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா” என்று ஒருவர் லேப்டாப்பை மேசையில் வைத்ததும் நம் வாயில் முதலில் வருவது, “பார்மட் அடிச்சு புதுசா விண்டோஸ் ஏத்திடலாம் சார்.” அடுத்து, “டேட்டா ஏதாவது வேணுமா?” என்று கேட்கிறோம். “முக்கியமா ஒண்ணும் இல்ல, எல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு” என்கிறார் அவர். இந்த ஒற்றைப் பதிலை நம்பி ஒரு மனிதரின் பல வருட உழைப்பை அரை மணி நேரத்தில் துடைத்துவிடுகிறோம்.

அவர் பொய் சொல்லவில்லை. எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். டெஸ்க்டாப்பில் கண்ணெதிரே பரப்பி வைத்திருக்கும் ஃபைல்கள் எல்லாம் சி டிரைவில் இருக்கின்றன என்பதைக்கூட அவருக்கு யாரும் சொன்னதில்லை. நமக்குத் தெரியும். தெரிந்தவர்தான் பொறுப்பு ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அந்தக் கேள்வியை மாற்றுங்கள். “இதில் தினமும் என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று கேளுங்கள். அவர் தன் வேலையைச் சொல்லட்டும். அந்த வேலையின் ஃபைல்கள் எங்கே ஒளிந்திருக்கும் என்று தேடுவது நம் வேலை.

கணக்கு எழுதுகிறவர் என்றால் அநேகமாக டேலி இருக்கும். அதன் டேட்டா அவருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருக்காது. டேலி நிறுவப்பட்ட இடத்துக்குள்ளோ, பப்ளிக் ஃபோல்டருக்குள்ளோ, பெரும்பாலும் சி டிரைவிலேயே இருக்கும். திறந்து பார்த்தால் கடைப் பெயர் எதுவும் தெரியாது. 10000, 10001 என்று வெறும் எண்களே ஃபோல்டர்களின் பெயராக இருக்கும். தெரியாதவர் கண்ணுக்கு அது குப்பை. ஒரு மொத்த மளிகை வியாபாரி, மார்ச் கடைசி வாரத்தில், வேறோர் இடத்தில் பார்மட் அடித்து வாங்கிய கம்ப்யூட்டரோடு என்னிடம் வந்தார். டேலி பளிச்சென்று திறந்தது, உள்ளே ஒரு கம்பெனிகூட இல்லை. அந்த டிஸ்க்கிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை. அவரும் அவர் மகளும் பில் கட்டுகளை வீட்டுக் கூடத்தில் பரப்பி, மாதவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றினார்கள். சீட்டில்லாமல் கடனுக்குப் போன சரக்குக்கு, வாங்கியவர் வாயால் சொன்ன தொகைதான் கணக்கு. அதைக் குறைத்துச் சொன்னவர்களையும் அவர் எதுவும் கேட்க முடியவில்லை.

டிடிபி வேலை செய்கிறவர், பத்திரம் எழுதுகிறவர், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர் என்றால் இன்னொரு பெரிய சங்கதி இருக்கிறது: எழுத்துரு. யூனிகோட் பரவுவதற்கு முன் தொடங்கிய கடைகளில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் மலைபோல் குவிந்திருக்கும். பேஜ்மேக்கரை இன்றும் விடாமல் வைத்திருக்கும் அச்சகங்கள் உண்டு. இந்த எழுத்துருக்களில் அடித்த ஃபைலுக்குள் உண்மையில் பதிவாகியிருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் அந்தப் போர்வை போய்விடும். ஃபைல் பத்திரமாக இருந்தாலும், திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து கொட்டிக் கிடக்கும். “ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு” என்று சொல்லி அழித்தேவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஆகவே தமிழில் வேலை செய்கிறவரின் கம்ப்யூட்டர் என்றால், சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் முதலில் நகலெடுங்கள். அது மட்டும் போதாது. 2018-இன் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, ஒருவர் தன் கணக்கில் மட்டும் நிறுவிக்கொண்ட எழுத்துருக்கள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் தனியாக உட்கார்ந்திருக்கின்றன. அங்கும் போய்ப் பாருங்கள். தட்டச்சு மென்பொருளின் சிடியோ டாங்கிளோ கையில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். விற்ற கம்பெனியே இன்று இல்லாமல் போயிருக்கலாம்.

அதே ஆப்டேட்டாவுக்குள்தான் பெரும்பாலும் அவுட்லுக் அஞ்சல்களும் குரோமின் சேமித்த பாஸ்வேர்டுகளும் இருக்கும். குரோம் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துவிட்டால் பாஸ்வேர்டு வந்துவிடும் என்று நம்பாதீர்கள். அவை அந்தப் பழைய விண்டோஸ் கணக்கோடு கட்டிப் பூட்டப்பட்டவை. புது விண்டோஸில் திறக்காது. பழையது உயிரோடு இருக்கும்போதே வாடிக்கையாளர் தன் கையாலேயே அவற்றை ஏற்றுமதி செய்யவோ, கூகுள் கணக்கோடு இணைக்கவோ வேண்டும்.

பிட்லாக்கர் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேமிப்பாகிறது. இப்போது நம் கடைகளில் நடப்பதை யோசியுங்கள். வாடிக்கையாளரின் மெயில் பாஸ்வேர்டு தெரியவில்லை, அவசரம் என்று நாமே ஏதோ ஒரு மெயில் உருவாக்கி அமைப்பை முடித்துக் கொடுக்கிறோம். சில மாதம் கழித்து பயாஸ் அப்டேட் ஆகும், அல்லது மதர்போர்டு மாறும். திரை நீல நிறமாகி 48 இலக்க எண்ணைக் கேட்கும். அந்த எண் இருப்பது நாம் மறந்துபோன மெயிலில். அவருடைய டிஸ்க் அவருடைய மேசையிலேயே இருந்தும் அவருக்கு இல்லாமல் போய்விடும். எந்த மீட்பு நிறுவனமும் அதைத் திறந்து தராது. ஆகவே வாடிக்கையாளரின் சொந்தக் கணக்கில் மட்டும் அமைத்துக் கொடுங்கள். அந்தச் சாவியைத் தாளில் அச்சடித்து அவர் கையில் கொடுங்கள். லேப்டாப் பையில் வேண்டாம், பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

இனி, வேகம் குறைந்த எல்லாவற்றுக்கும் பார்மட்தான் மருந்தா? பழைய லேப்டாப்களில் பாதி நேரம் ஹார்ட் டிஸ்க்தான் நோயாளி. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. மஞ்சளோ சிவப்போ காட்டினால், படிக்க முடியாத செக்டர்கள் கூடிக்கொண்டிருந்தால், அந்த டிஸ்க்கின் மேல் விண்டோஸ் ஏற்றுவது வேகமும் தராது, இருப்பதையும் கெடுக்கும். முதலில் டிஸ்க்கை முழுசாக வேறொன்றுக்கு நகலெடுங்கள். அதன்பின் புது எஸ்எஸ்டி போட்டு ஏற்றுங்கள். எதுவும் அழியவில்லை, வேகமும் வந்துவிடும். ஒரு எஸ்எஸ்டி விற்ற லாபம் உங்களுக்கும் கிடைக்கும்.

பேக்கப் எடுத்தால் அதே டிஸ்க்கின் டி டிரைவில் போடாதீர்கள். வேறு டிஸ்க்கில் எடுங்கள், அங்கிருந்தே நாலைந்து ஃபைலை வாடிக்கையாளரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள், பிறகு அந்த வெளி டிஸ்க்கைக் கழற்றிவிட்டு விண்டோஸ் நிறுவலைத் தொடங்குங்கள். இந்தக் கழற்றலை யாரும் சோம்பல்பட்டு விடக்கூடாது. நிறுவும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் தெரியாது. டிஸ்க் 0, டிஸ்க் 1, பார்டிஷன் 3 என்று எண்கள்தான் வரும். மாலை ஏழு மணிக்கு, மூன்று பேர் கவுன்டரில் காத்திருக்கும்போது, களைத்த கண் தவறான வரியில் டிலீட் அழுத்துவது எவருக்கும் நடக்கக்கூடியது. கண்ணில் படாத டிஸ்க்கை அழிக்க முடியாது. இன்டெலின் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லேப்டாப்களில் இதற்கு நேர்மாறான குழப்பம் ஒன்று உண்டு. நிறுவும் திரையில் டிஸ்க்கே தெரியாது. டிஸ்க் போய்விட்டது என்று சொல்லிவிடாதீர்கள். ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் போட்டு ஏற்றினால் தெரியும்.

இதுவரை சொன்னது காப்பாற்றுவதைப் பற்றி. அழிப்பதைப் பற்றி நம்மில் பலருக்கும் தெளிவில்லை, அதில்தான் ஆபத்து அதிகம்.

ஹார்ட் டிஸ்க்கில் குயிக் பார்மட் அடித்தால் ஃபைல்களின் பட்டியல் மட்டும் புதிதாகிறது. வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டால் மாணவன் வகுப்பைவிட்டு எழுந்து போய்விடுவதில்லை. டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களே பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துத் தரும். எஸ்எஸ்டியில் அதே பொத்தானை அழுத்தினால் கதை வேறு. இந்த இடமெல்லாம் இனித் தேவையில்லை என்ற டிரிம் கட்டளையை விண்டோஸ் டிஸ்க்குக்கு அனுப்பிவிடுகிறது. சற்று நேரத்தில் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் அவற்றைக் காலி செய்துவிடும். பிறகு மீட்பு மென்பொருள் எதைப் போட்டாலும் வெறும் பூஜ்ஜியம்தான் வரும். ஆக, தவறிப்போய் பார்மட் ஆனது எஸ்எஸ்டி என்றால் மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். “அப்புறம் ரெக்கவரி பண்ணிக்கலாம்” என்ற பழைய தைரியத்தை ஹார்ட் டிஸ்க் காலத்தோடு விட்டுவிடுங்கள். விற்க வந்தது ஹார்ட் டிஸ்க் என்றாலோ, குயிக் பார்மட் அடித்துக் கொடுப்பது வீட்டைத் திறந்து கொடுப்பதற்குச் சமம்.

அமெரிக்காவில் எம்ஐடி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் 2000-க்கும் 2002-க்கும் இடையில் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்தார்கள். படிக்க முடிந்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்களும், மருத்துவ விவரங்களும், சொந்தக் கடிதங்களும் கிடந்தன. ஒரு டிஸ்க் ஏடிஎம் இயந்திரத்திலிருந்தே வந்தது. 2003-இல் அவர்கள் இதை வெளியிட்டபிறகு எத்தனையோ ஆண்டுகள் போய்விட்டன. நம் ஊர் பழைய டிஸ்க் சந்தையில் ஒரு டிஸ்க்கை வாங்கி நீங்களே பாருங்கள். ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன், பிள்ளைகளின் போட்டோ என்று ஒரு குடும்பமே அதில் இருக்கும்.

துடைப்பது கடினமும் இல்லை. 35 முறை எழுதி அழிக்க வேண்டும் என்று ஒரு பேச்சு இன்னும் உலவுகிறது. அது பீட்டர் கட்மன் 1996-இல் அன்றைய பலவகை டிஸ்க்குகளை எல்லாம் சேர்த்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. இன்றைய டிஸ்க்குக்கு அது தேவையில்லை என்று அவரே பின்னர் எழுதிவிட்டார். டிஸ்க்பார்ட்டில் ‘கிளீன் ஆல்’ கொடுத்தால் கடைசி செக்டர்வரை பூஜ்ஜியம் எழுதப்படும். 1 டிபி டிஸ்க்குக்குச் சில மணி நேரம் ஆகலாம். இரவு கடை மூடும்போது போட்டுவிட்டுப் போங்கள். வெறும் ‘கிளீன்’ பார்டிஷன் விவரத்தை மட்டும்தான் அழிக்கும், ‘ஆல்’ மறக்க வேண்டாம். விஸ்டாவிலிருந்து வந்த விண்டோஸ்களில் குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு பார்மட் அடித்தாலும் அந்தப் பார்டிஷன் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதப்படும்.

எஸ்எஸ்டியை விற்கும்போது டிரிம்மை மட்டும் நம்பாதீர்கள். நாம் எழுதச் சொன்ன இடத்தில் எழுதாமல் தன் வசதிக்கு வேறிடத்தில் எழுதுவது எஸ்எஸ்டியின் இயல்பு. நம் கண்ணுக்குக் காட்டாத உபரி இடமும் அதற்குள் உண்டு. 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள், ஹார்ட் டிஸ்க்குக்கான ஃபைல் அழிப்பு முறைகள் எஸ்எஸ்டியில் பலிக்கவில்லை என்று காட்டினார்கள். அவர்கள் சோதித்தவற்றில் ஒன்று, அழித்துவிட்டேன் என்று பதில் சொல்லிவிட்டு டேட்டாவை அப்படியே வைத்திருந்தது! பயாஸிலோ, தயாரிப்பு நிறுவனத்தின் மென்பொருளிலோ உள்ள செக்யூர் எரேஸைப் பயன்படுத்துங்கள். முடித்ததும் ஒரு மீட்பு மென்பொருளை ஓட்டிச் சரிபாருங்கள். முதல் நாளிலிருந்தே பிட்லாக்கரில் இருந்த டிஸ்க் என்றால் இன்னும் நிம்மதி. செக்யூர் எரேஸில் ஏதாவது மிச்சம் விட்டுப்போனாலும் அது பூட்டிய நிலையிலேயே கிடக்கும். இயங்காமலே போன டிஸ்க்கை எந்த மென்பொருளாலும் துடைக்க முடியாது. துளை போட்டு உடைக்க வேண்டும். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பலவற்றில் கண்ணாடி, சில்லுசில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குக் காப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹாங்காங் நடிகர் எடிசன் சென் பழுதுபார்க்கக் கொடுத்த கம்ப்யூட்டரிலிருந்து அந்தரங்கப் படங்களை எடுத்த கடை ஊழியர் 2009-இல் சிறைக்குப் போனார். படங்களில் இருந்த பெண்கள் பட்ட வேதனைக்கு எந்தத் தண்டனையும் ஈடாகாது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், நடப்பதைப் பதிவு செய்யும் லேப்டாப்களைப் பல சர்வீஸ் கடைகளில் கொடுத்தார்கள். ஆறு இடங்களில் ஊழியர்கள் சொந்த ஃபைல்களைத் திறந்து பார்த்திருந்தார்கள், இரண்டு இடங்களில் வெளியே நகலே எடுத்திருந்தார்கள். லேப்டாப்பில் இருந்த பழுதோ வெறும் ஆடியோ டிரைவர் பிரச்சினை. பேட்டரி மாற்றக் கொடுத்தபோதும் ஒரு கடை தவிர மற்றவை பாஸ்வேர்டு கேட்டன. பேட்டரி மாற்ற எதற்குப் பாஸ்வேர்டு?

நம் கடைக்கு ஒரு பெண் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நிற்பது எதனால் என்று நமக்கெல்லாம் தெரியும். தேவையில்லாத வேலைக்குப் பாஸ்வேர்டு கேட்காதீர்கள். பேக்கப் எடுக்கும்போது ஃபோல்டரின் அளவைப் பாருங்கள், ஃபைல் எண்ணிக்கையைப் பாருங்கள். திறந்து சோதிக்க வேண்டியதை அவரையே உட்கார வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து அவர் எல்லாம் சரியென்று சொன்னபின், நம் கடை டிஸ்க்கில் தங்கியிருக்கும் நகலை அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். எஸ்எஸ்டி மாற்றினால் கழற்றிய ஹார்ட் டிஸ்க் அவருடையது. அதை மேசை இழுப்பறையில் போட்டு வைத்து இன்னொருவர் கம்ப்யூட்டரில் மாட்டுவது தவறு.

ஏற்றும் விண்டோஸைப் பற்றியும் இரண்டு வார்த்தை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் கம்பெனி லேப்டாப்களில் உரிமச் சாவி பயாஸுக்குள்ளேயே பதிந்து வருகிறது. நம் ஊரில் விற்பவற்றில் பல ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பு. அதையே ஏற்றி இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். அவர் காசு கொடுத்து வாங்கிய உரிமம் அது. அதை விட்டுவிட்டு கிராக் செய்த புரோ பதிப்பைப் போட்டு, டிஃபண்டரை அணைத்து, எங்கிருந்தோ வந்த ஆக்டிவேட்டரை ஓடவிடுவதால் அவருக்கு என்ன லாபம்? அவர் ஜிஎஸ்டி கட்டுவதும் வங்கிக் கணக்கில் நுழைவதும் அதே கம்ப்யூட்டரில்தான். லேப்டாப்போடு வந்த ஆபீஸும் பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கட்டப்பட்டது. எந்தக் கணக்கு என்று அழிக்கும் முன்பே பார்த்து எழுதிவையுங்கள்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய லேப்டாப்கள் விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வமாகத் தகுதி பெறாது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் எத்தனையோ வீடுகளில் அலமாரி மேல் கிடக்கின்றன. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தவை அவற்றில் உண்டு. ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றினால், தமிழ்த் தட்டச்சுக்கும் இணையத்துக்கும் பாடம் படிக்கவும் அவற்றில் பல இன்னும் உழைக்கும். எடைக்குப் போடச் சொல்லும் முன் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

இத்தனையும் செய்தால் நேரம் போகும், அதற்கு யார் காசு தருவார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பார்மட்டுக்குத் தனி, பேக்கப்புக்குத் தனி, துடைப்பதற்குத் தனி என்று விலைப்பலகையில் எழுதி வையுங்கள். எதற்கு இந்தக் காசு என்று விளக்கிச் சொன்னால் மனிதர்கள் தருகிறார்கள். முடியாது, வெறும் பார்மட் போதும் என்பவரிடம் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர்தோறும் இருக்கும் நம் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். எல்லாக் கடைக்கும் பொதுவான வேலைச் சீட்டு ஒன்றைத் தமிழில் அச்சடியுங்கள். என்ன வேலைக்குப் பயன்படுத்துகிறார், டேலி உண்டா, பழைய தமிழ் எழுத்துரு உண்டா, பிட்லாக்கர் சாவி எங்கே, பேக்கப்பை அவரே திறந்து பார்த்தாரா, கழற்றிய டிஸ்க் திரும்பக் கொடுக்கப்பட்டதா, கடையில் இருந்த நகல் அழிக்கப்பட்டதா என்று ஒரு பக்கத்தில் அடங்கும். கீழே இருவர் கையெழுத்து. அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். மாதிரிச் சீட்டை நான் எழுதித் தருகிறேன். குறை இருந்தால் திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிலின் மூத்த அண்ணன்